நாயும் நாட்டுச் சட்டமும்

விலங்கினங்களுள் மனிதனோடு முதன்முதலாக நட்புப் பூண்டது நாயே ஆகும். ஆடும் மாடும் குதிரையும் மனிதனுடைய தொழுவத்தை வந்து அடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, நாய் அவன் மூட்டிய நெருப்பின் அருகே வந்து படுத்துக்கொண்டது. வேட்டைக்குச் சென்றபோது துணையாக ஓடியது. அவன் உறங்கியபோது விழித்திருந்து காத்தது. நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கி.பி. ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நடப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. வீரன் ஒருவனுடைய உருவமும், அவன் அருகே ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. வீரனுக்குக் கல் நட்ட நம் முன்னோர், அவனுடைய நாயின் புகழையும் அதே கல்லில் பொறித்து வைத்தனர். கடித்ததற்காகவே ஒரு நாய் சிறப்புப் பெற்ற வரலாறு இது.

நாயின் பல் அன்றும் இன்றும் ஒன்றே. கள்வனைக் கடித்தால் காவல் என்கிறோம். குழந்தையைக் கடித்தால் கொடுமை என்கிறோம். கடிக்கும் நாய் இவ்வேறுபாட்டைத் தானாக அறியாது. அதனை அறிந்து நாயை நடத்த வேண்டியவன் மனிதன். அவன் அக்கடமையில் தவறும்போது என்ன செய்வது என்பதே இன்று பல நாட்டு அரசுகளையும் நீதிமன்றங்களையும் எதிர்நோக்கி நிற்கும் வினாவாகும்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இருந்த ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர் இனத்தைச் சேர்ந்த இரண்டு வளர்ப்பு நாய்கள் கடித்துக் குதறின. தலையில் பெருங்காயமுற்ற அச்சிறுமி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தாள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்டில், அதே சென்னையில் சாபர்கான்பேட்டையில் பிட்புல் இன நாய் ஒன்று கடித்ததால் ஒருவர் உயிரிழந்தார். வடநாட்டில் இலட்சுமணபுரி எனப்படும் லக்னோ நகரில், 2022 சூலையில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை அவருடைய வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் நாய் கொன்றது. இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நெஞ்சம் பதைக்கின்றது. ‘இந்த இனங்களை நாட்டிலேயே இல்லாமல் செய்துவிட வேண்டும்’ என்று மக்கள் குரல் எழுப்புவதும் இயல்பே.

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஓர் இனத்தைத் தடை செய்வதால் நாய்க்கடி குறையுமா என்பது ஒன்று. ஓரிடத்தில் தடையும் அடுத்த இடத்தில் தடையின்மையும் இருக்குமாயின், அத்தடையால் பயன் விளையுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உணர்ச்சிவயப்படாமல் ஆராய்ந்து பார்ப்போம்.

எல்லை என்பது எத்தன்மையது என்பதைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் மின்வண்டியில் ஏறி அமர்ந்தால் போதும். வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் ஆகியவை சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியவை. அம்பத்தூர் முன்னர்த் தனி நகராட்சியாக இருந்து, 2011-ஆம் ஆண்டில் சென்னையோடு இணைந்தது. அதனை அடுத்து வரும் ஆவடியும் பட்டாபிராமும் 2019-ஆம் ஆண்டில் உருவான ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தவை. பின்னர்த் திருநின்றவூர் நகராட்சி வருகிறது. அதற்கும் அடுத்த நிலையமே வேப்பம்பட்டு. இது ஊராட்சி நிருவாகத்தின்கீழ் வளர்ந்த பகுதி. ஆக, ஒரு பயணச்சீட்டில், ஒரே வண்டியில், இருக்கையை விட்டு எழாமலே நான்கு உள்ளாட்சிகளின் எல்லைகளை நாம் கடந்துவிடுகிறோம். வண்டியில் வருபவருக்கு எல்லைக்கோடு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேப்பம்பட்டுப் போன்ற ஊர்களின் இயல்பையும் சிறிது நோக்குதல் வேண்டும். வயலும் தோப்புமாக இருந்த நிலங்கள் வீட்டுமனைகளாயின. தனித்தனி வீடுகள் எழுந்தன. இடையிடையே வெற்று மனைகள் கிடக்கின்றன. பகற்பொழுதில் பெரியவர்கள் வேலைக்காகச் சென்னைக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் சென்றுவிடுகின்றனர். பூட்டிய வீட்டுக்குக் காவலாக ஒரு நாய் இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அவர்களுட் சிலர், உருவிற் பெரியதாகவும் கண்டோர் அஞ்சுவதாகவும் உள்ள நாயை விரும்பி வாங்குகின்றனர். அதே தெருவின் வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கும் கடைக்கும் நடந்து செல்கின்றனர். காவலை நாடும் வீட்டாரின் உரிமையும், அச்சமின்றித் தெருவில் நடக்கும் பிள்ளைகளின் உரிமையும் ஒரே வாயிற்கதவின் இருபுறமும் நிற்கின்றன. அக்கதவு தாழிடப்படாமற்போனால் அடையும் துன்பம் பெரிது.

2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிதாக உரிமம் வழங்குவதில்லை என்றும், முன்னரே உரிமம் பெற்ற நாய்களை வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப்பட்டையும் வாய்மூடியும் கட்டாயம் என்றும், மீறுவோர்க்கு 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்றும் அறிவிக்கப்பட்டது. குழந்தைகளின் உயிரைக் காக்க எழுந்த முயற்சி என்ற முறையில் இதன் நோக்கம் பாராட்டத்தக்கதே. எனினும், ஒரு மாநகராட்சியின் தீர்மானம் அதன் எல்லைக்கல்லோடு நின்றுவிடும். கொரட்டூரில் உரிமம் பெற இயலாத நாயை அதன் உரிமையாளர் எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிட்டால், கொரட்டூரில் ஒரு நாய் குறையும். மற்றோர் ஊரில் ஒரு நாய் கூடும். நாட்டில் உள்ள நாய்களின் தொகை குறையாது. பழகிய தலைவனைப் பிரிந்து புதிய இடத்திற்கு வந்த நாயின் சினம் வேண்டுமானால் மிகக்கூடும்.

இதற்கு முன்னரே மத்திய அரசும் இத்துறையில் முயன்று பார்த்தது. 2024 மார்ச்சு 12-ஆம் நாளன்று மத்தியக் கால்நடைப் பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்சென்டினோ முதலான 23 இனங்களை இறக்குமதி செய்தல், இனப்பெருக்கம் செய்தல், விற்றல் ஆகியவற்றிற்கு இசைவு தரலாகாது என்றும், முன்னரே வீடுகளில் உள்ள அவ்வின நாய்களுக்குக் கருத்தடை செய்யவேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. நாய் வளர்ப்போர் பலர் நீதிமன்றங்களை நாடினர். கர்நாடக உயர்நீதிமன்றம், தொடர்புடையோரைக் கலந்து ஆலோசியாமல் வெளியிடப்பட்டது என்பதைச் சுட்டி, அச்சுற்றறிக்கையை ஏப்ரல் 10-ஆம் நாள் நீக்கியது. டில்லி உயர்நீதிமன்றத்திலும் அது நிலைக்கவில்லை. அடுத்த மே மாதத்தில், ஆயிரம்விளக்கு நிகழ்ச்சிக்குப் பின்னர், தமிழ்நாட்டுக் கால்நடைத் துறை அதே 23 இனங்களைக் குறித்து ஓர் ஆணை வெளியிட்டு, விரைவிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் அதன் குறை விளங்கும். டோசா என்னும் சப்பானிய இனம் அதில் இரண்டு பெயர்களால் இருமுறை இடம்பெற்றிருந்தது. ‘டெரியர்’ என்ற பொதுப்பெயரும் அதில் இருந்தது. டெரியர் என்பது ஓர் இனம் அன்று. பல இனங்களின் கூட்டம். அக்கூட்டத்தில் மடியில் வைத்துக் கொஞ்சத்தக்க சிறு நாய்களும் உண்டு. எதனைத் தடுக்கிறோம் என்பதையே தெளிவாகச் சொல்லாத சட்டம், வழக்கு மன்றத்தின் வாயிலைத் தாண்டாது.

உள்ளாட்சிகள் தத்தம் விருப்பப்படி விதி செய்வது வடநாட்டிலும் நிகழ்ந்தது. டில்லியை ஒட்டிய காசியாபாத் மாநகராட்சி 2022 அக்டோபரில் பிட்புல், ராட்வீலர், டோகோ அர்சென்டினோ ஆகிய மூன்று இனங்களையும் வளர்க்கலாகாது என்று தடுத்தது. அதன் அண்டை நகராகிய நொய்டாவோ அடுத்த மாதத்திலேயே வேறொரு வழியை மேற்கொண்டது. எந்த இனமாயினும் பதிவு செய்தல் வேண்டும். நாயால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால் உரிமையாளர் 10,000 ரூபாய் தண்டம் செலுத்துவதோடு, காயமுற்றவரின் மருத்துவச் செலவையும் ஏற்றல் வேண்டும் என்பது நொய்டாவின் விதி. ஒன்று நாயின் குலத்தை நோக்கியது. மற்றொன்று மனிதனின் பொறுப்பை நோக்கியது. இரு நகரங்களுக்கும் இடையே உள்ளதோ சாலையின் அகலந்தான்!

இனி, பிற நாடுகளின் அனுபவத்தைக் காண்போம். இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டிலேயே ஆபத்தான நாய்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. பிட்புல் டெரியர், சப்பானிய டோசா, டோகோ அர்சென்டினோ, பிலா பிரேசிலீரோ என்னும் நான்கு வகை நாய்களை அது தடுத்தது. முப்பது ஆண்டுகள் சென்றன. தடுக்கப்பட்ட நாய்களுக்குப் பதிலாக, எக்ஸ்.எல். புல்லி என்னும் புதிய பெரு நாய் மக்களிடையே பரவியது. அதன் கடியால் பலர் உயிரிழந்தனர். ஆகவே அவ்வகையும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 டிசம்பர் 31 முதல் அதனை விற்கவும் பெருக்கவும் தடை வந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இன்றி வைத்திருப்பதும் குற்றமாயிற்று. ஆனால் ஒரே அரசின்கீழ் உள்ள ஸ்காத்லாந்தில் அச்சட்டம் உடனே வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் சிலர் தம் நாய்களை வடக்கு எல்லையைத் தாண்டி ஸ்காத்லாந்துக்குக் கொண்டு சென்றனர். அதனைக் கண்ட பின்னரே ஸ்காத்லாந்து அரசும் தன் சட்டத்தை மாற்றி, 2024 ஆகஸ்டு 1 முதல் சான்று இன்றி அவ்வகை நாயை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வட அயர்லாந்தில் அந்நிலை அவ்வாண்டு டிசம்பர் 31-இல்தான் வந்தது. ஒரு நாட்டின் மூன்று பகுதிகளில் மூன்று வெவ்வேறு நாட்களில் ஒரே விதி வந்தது. அவ்விடைவெளியே நாய்களுக்கு வழி திறந்துவிட்டது.

செருமனியிலும் இத்தகைய நிலையே காணப்படுகிறது. 2000-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஆம்பர்க் நகரில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை இரண்டு நாய்கள் கடித்துக் கொன்றன. நாடே கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டில் மத்திய அரசு நான்கு இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. நாய் வளர்ப்புப் பற்றிய விதிகளோ மாநிலங்களின் கையில் இருந்தன. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பட்டியலை வகுத்தது. ஒரு மாநிலத்தில் ஆபத்தானது எனப்பட்ட நாய் ஆற்றைக் கடந்ததும் சாதாரண நாயாயிற்று. கீழ்ச் சாக்சனி என்னும் மாநிலம் இதில் மாறுபட்ட நெறியைக் கைக்கொண்டது. அது இனப் பட்டியலையே நீக்கிவிட்டு, நாய் வளர்க்க விரும்பும் மனிதனைத் தேர்வுக்கு உட்படுத்தியது. நாய் வாங்குமுன் எழுத்துத் தேர்வு, வாங்கிய முதலாண்டிற்குள் நாயுடன் செயல்முறைத் தேர்வு என்னும் இந்நடைமுறை 2013 சூலை முதல் அங்கு வழங்கி வருகிறது. பிற்காலத்தில் வேறு சில மாநிலங்களும் தம் இனப் பட்டியலைக் கைவிட்டன.

ஒல்லாந்து 1993-இல் பிட்புல் வகையைத் தடை செய்தது. கடிகள் குறையவில்லை என்று கண்டு, 2008-இல் அத்தடையைக் கைவிடுவதாக அறிவித்தது. தென்மார்க்கு 2010-இல் 13 இனங்களைத் தடுத்தது. அந்நாட்டின் ஓடென்சு நகர மருத்துவமனைக்கு நாய்க்கடிச் சிகிச்சைக்காக வந்தோரின் கணக்கை ஆராய்ந்தவர்கள், தடையினால் கடி குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 2018-இல் தெரிவித்தனர். அமெரிக்காவில் மியாமி-டேடு என்னும் மாவட்டம் 1989 முதல் பிட்புல்லைத் தடுத்து வந்தது. அம்மாவட்டம் அடங்கிய புளோரிடா மாநிலத்தின் பிற பகுதிகளில் அத்தகைய தடை இல்லை. 2023-இல் மாநிலச் சட்டம் அத்தடையை நீக்கியது. கானடா நாட்டின் கால்கரி நகரம் எந்த இனத்தையும் தடுக்காமல், உரிமம், தண்டம், பொதுமக்களுக்குப் பயிற்சி ஆகியவற்றை 2006-ஆம் ஆண்டின் விதிகளால் வலியுறுத்தியது. பல நகரங்கள் அதனை முன்மாதிரியாகப் பேசுகின்றன.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கே பிட்புல், டோசா முதலிய இனங்களை நாட்டுக்குள் கொண்டுவர இயலாது. முன்னரே உள்ளவற்றிற்கும், ராட்வீலர் போன்ற வேறு சில இனங்களுக்கும் வாய்மூடி, கயிறு, அடையாள மின்சில்லு, காப்பீடு ஆகியவை விதிக்கப்பட்டுள்ளன. அது கடல் சூழ்ந்த சிறு தீவு, உட்புகும் வழிகள் சில, சட்டம் ஒன்று, அதை நிறைவேற்றும் அமைப்பும் ஒன்று. ஆதலால் அங்கே தடை என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. நம் நாடோ விரிந்து பரந்தது. ஊராட்சிக்கு ஊராட்சி எல்லை உடையது. சிங்கப்பூரின் சட்டத்தை மட்டும் எடுத்துவந்து, அதன் கடலையும் ஒழுங்கையும் விட்டுவிட்டு வருவோமாயின், அதன் பயன் நமக்குக் கிட்டாது.

இனத் தடை எதிர்பார்த்த பயனைப் பெரும்பாலும் தராமைக்குக் காரணங்கள் பல. முதலாவது, இனத்தை அறிவதில் உள்ள இடர்ப்பாடு. கலப்பினக் குட்டி ஒன்றைக் கண்ணால் பார்த்து, அது இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்லுதல் கைதேர்ந்தவர்க்கும் அரிது. இரண்டாவது, இனம் மட்டுமே குணத்தை முடிவு செய்வதில்லை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் தந்த விவரங்களையும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்து 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கத்தக்கது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவே என்று கண்டது. எஞ்சியவை வளர்ப்பு, பயிற்சி, உணவு, சூழல், வயது முதலிய பலவற்றைச் சார்ந்தவை. இரவும் பகலும் சங்கிலியில் கட்டப்பட்டு, மனிதர் முகம் காணாது வளரும் நாய் எவ்வினமாயினும் சீறத்தான் செய்யும். மூன்றாவது, ஒன்றைத் தடுத்தால் அதற்கு நிகரான மற்றொன்று வந்து சேரும். பிறரை அச்சுறுத்துவதற்காகவே நாய் வளர்ப்பவன், பட்டியலில் இல்லாத வேறொரு பெரிய நாயைத் தேடிக்கொள்வான். நான்காவது, எல்லைக்கு எல்லை சட்டம் மாறுவதால், நாய் இடம் பெயருமே அன்றி மறையாது. அதனினும் தீமையானது, தண்டத்திற்கு அஞ்சிச் சிலர் நாயைப் பதிவு செய்யாமல் மறைத்து வைப்பது. மறைக்கப்பட்ட நாய்க்குத் தடுப்பூசியும் இல்லை, பயிற்சியும் இல்லை, கணக்கும் இல்லை.

ஐந்தாவது காரணம் நம் நாட்டிற்குச் சிறப்பாக உரியது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 37 லட்சத்திற்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தெருநாய்க்கடி, வளர்ப்பு நாய்க்கடி ஆகிய இரண்டும் இக்கணக்கில் அடங்கும். தடைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களோ நம் நாட்டு நாய்களுள் மிகச் சிறு பங்கே. அவை அனைத்தும் நாளையே மறைந்துவிட்டாலும், இப்பெருந்தொகையில் பெரிய மாற்றம் நேராது.

அவ்வாறாயின், தடை கேட்போர் கூற்றில் உண்மையே இல்லையோ என்று வினவலாம். உண்டு. அதனை மறைத்தல் நடுநிலைமை ஆகாது. சிறு நாயும் கடிக்கும். பெரு நாயும் கடிக்கும். ஆயினும் இரண்டின் விளைவும் ஒன்றல்ல. வலிய தாடையும் பெரிய உடலும் உடைய நாய், ஒருமுறை தவறினாலும் உயிருக்கே ஊறு நேரும். சண்டைக்கென்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வகைகள், பற்றியதை எளிதில் விடுவதில்லை. கடிகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டால், இக்கொடுமையின் அளவு கண்ணுக்குப் புலப்படாது. குழந்தையை இழந்த தாயிடம் எண்ணிக்கை பேசிப் பயன் என்ன? ஆதலால் ஆற்றல் மிக்க நாய்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்பது நேரிய கோரிக்கையே. ஆனால் அக்கட்டுப்பாடு நாட்டின் எல்லா ஊர்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். நிறைவேற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். நாயின் பெயரோடு நில்லாமல், அதனை வளர்ப்பவனின் கையையும் பற்றுவதாக இருத்தல் வேண்டும்.

இதற்கு வேண்டிய அடிப்படைகள் பல நம் சட்டங்களில் முன்னரே உள்ளன. தன் வசமுள்ள விலங்கினால் பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் காக்கத் தவறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவின் 291-ஆம் பிரிவு கூறுகிறது. இப்பிரிவு எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை. சென்னைக்கும் வேப்பம்பட்டுக்கும் காசியாபாத்துக்கும் ஒன்றே போல் பொருந்துகிறது. நாய்களைப் பெருக்கி விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும் என்றும், எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளை விற்றல் ஆகாது என்றும் 2017-ஆம் ஆண்டின் விதிகள் உரைக்கின்றன. தாயைப் பிரிந்து மிக இளமையில் விற்கப்படும் குட்டி, பிற நாய்களோடும் மனிதரோடும் பழகும் முறையைக் கற்பதில்லை. ஆகவே இவ்விதி குட்டிக்கு மட்டுமன்றி நமக்கும் பாதுகாப்பாகும்.

விலங்குகளுக்கும் நாம் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு. சென்னையில் கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் சட்டத்திற்காக அரும்பாடுபட்டார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. இனத்தின் பெயரால் ஒரு நாயைப் பழிவாங்குதல் அச்சட்டத்தின் உள்ளத்திற்கு ஏற்றதன்று. அன்பு காட்டுகிறோம் என்ற பெயரால் அயலாரின் குழந்தையை ஆபத்துக்கு உள்ளாக்குதலும் அறமன்று. உயிரிரக்கம் நாயிடத்தும் வேண்டும். அதனினும் முன்பாக மனிதக் குழந்தையிடத்து வேண்டும்.

எனவே, நன்மை தரும் வழி இதுவென்று தெளியலாம். ஒவ்வொரு வளர்ப்பு நாயும், அது மாநகரில் வாழ்ந்தாலும் சிற்றூரில் வாழ்ந்தாலும், பதிவு செய்யப்படுதல் வேண்டும். உரிய காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் வேண்டும். வெளியே செல்லும்போது நாயை அடக்க வல்ல ஒருவரின் கையில் கயிறு இருத்தல் வேண்டும். வலிய நாய்க்கு வாய்மூடி வேண்டும். வீட்டின் வாயிற்கதவு உறுதியாக இருத்தல் வேண்டும். ஒருமுறை கடித்த நாயை, அதன் இனம் எதுவாயினும், தனியே ஆராய்ந்து கட்டுப்படுத்துதல் வேண்டும். காயமுற்றவரின் மருத்துவச் செலவை உரிமையாளரே ஏற்றல் வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் இடைவிடாது நடைபெறுதல் வேண்டும். அண்டை உள்ளாட்சிகள் ஒன்றுகூடி ஒரே விதியை வகுத்தால், எல்லைக்கோட்டில் உள்ள ஓட்டை தானே அடைபடும்.

மாணவர்களாகிய நீங்கள் சட்டம் இயற்ற இயலாது. ஆயினும் உங்களையும் உங்கள் தம்பி தங்கையரையும் காத்துக்கொள்ள இயலும். அறியாத நாயைத் தொடாதீர்கள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் நெருங்காதீர்கள். கட்டுண்ட நாயைக் கல்லால் அடித்துச் சீண்டுதல் வீரமன்று. நாய் துரத்தினால் ஓடுதல் கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் இயற்கை. அசையாமல் நின்று, அதன் கண்களை உற்று நோக்காது, மெல்லப் பின்வாங்குங்கள். கடி நேர்ந்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் நன்கு கழுவுதல் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ அப்புதல் தீது. உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். வெறிநோயின் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தல் அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாளன்று லூயி பாசுடர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தை முதன்முதலாக அளித்து அவனைக் காத்தார். அவர் பெயரால் 1907-இல் நம் நீலகிரிக் குன்னூரில் அமைந்த நிலையம், அத்தொண்டைத் தமிழ்நாட்டில் பரப்பியது. கடித்ததைப் பெற்றோரிடம் மறைக்கும் பிள்ளை, தன் உயிரையே பணயம் வைக்கிறான் என்பதை மறவாதீர்கள்.

எடுத்தனூர் நடுகல்லில் நாய் மட்டும் தனித்து நிற்கவில்லை. அதன் தலைவனும் உடன் நிற்கிறான். இருவரையும் சேர்த்தே அக்கால மக்கள் நினைவு கூர்ந்தனர். நாயின் புகழில் தலைவனுக்குப் பங்கு உண்டெனின், நாயின் பிழையிலும் அவனுக்குப் பங்கு உண்டு. இனத்தின் பெயரை எழுதித் தடுக்கும் சட்டம் ஊர்தோறும் மாறலாம். வளர்ப்பவனின் பொறுப்பு எந்த ஊரிலும் மாறுதல் ஆகாது. அப்பொறுப்பை உணர்ந்த குடிமக்கள் நிறைந்த தெருவில், நாயும் அமைதியாகக் காவல் காக்கும். குழந்தையும் அச்சமின்றிப் பள்ளிக்கு நடக்கும்.

பயிற்சி

1. எடுத்தனூர் நடுகல்லின் சிறப்பு யாது? அதனை ஆசிரியர் எக்கருத்தை விளக்கப் பயன்படுத்துகிறார்?

2. சென்னையிலிருந்து வேப்பம்பட்டு வரை செல்லும் மின்வண்டிப் பயணம் எவ்வுண்மையைப் புலப்படுத்துகிறது?

3. காசியாபாத், நொய்டா ஆகிய நகரங்களின் விதிகளை ஒப்பிட்டு, எது சிறந்தது என்பதைக் காரணம் காட்டி எழுதுக.

4. சிங்கப்பூரில் பயன் தரும் தடை நம் நாட்டில் அவ்வாறே பயன் தராமைக்குக் காரணம் என்ன?

5. இனத் தடையை வேண்டுவோர் கூற்றில் உள்ள உண்மை யாது? அதற்கு உங்கள் விடை என்ன?

6. உங்கள் தெருவில் வளர்ப்பு நாயால் தீங்கு நேராதிருக்க உள்ளாட்சித் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.